நீலகிரி மரத்தின் சொந்த ஊர்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

சளி பிடித்தால் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகரச் சொல்வார்களே, அந்த நீலகிரித் தைலத்தை அறியாதவர் நம்மில் யாரும் இரார். அத்தைலத்தைத் தரும் மரத்தைப் பற்றியே இக்கட்டுரை. இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம், அம்மரத்தைக் குறித்து நான் செய்த ஒரு தவறு.

உதகமண்டலத்திற்குச் சுற்றுலா சென்றபோது என் ஹெர்பேரியம் நோட்டுக்காக இரண்டு கிளைகள் கொண்டுவந்தேன். ஒன்று, வெட்டிய அடிமரத்தில் துளிர்த்திருந்தது. அதன் இலைகள் அகன்று, காம்பின்றி, எதிரெதிராகத் தண்டைத் தழுவி நின்றன. தண்டு வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தது. இலை முழுவதும் சாம்பல் பூசியது போன்ற நீல வெண்மை. விரலால் தேய்த்தால் அப்பூச்சு விரலில் ஒட்டியது. மற்றொன்று, உயர்ந்த மரத்திலிருந்து காற்றில் முறிந்து விழுந்த கிளை. அதன் இலைகளோ அரிவாள் போல் வளைந்து, ஒரு சாண் நீளத்தில், காம்புடன், ஒன்று மாற்றி ஒன்றாகத் தொங்கின. நிறம் பளபளக்கும் கரும்பச்சை. இரண்டையும் தனித்தனிப் பக்கங்களில் ஒட்டி, முதலாவதற்கு ‘பெயர் தெரியாத செடி’ என்றும் இரண்டாவதற்கு ‘நீலகிரி மரம்’ என்றும் எழுதிவிட்டேன்.

நோட்டைப் பார்த்த சிஸ்டர் சிவப்பு மையால் திருத்தவில்லை. “இரண்டு இலையையும் கசக்கிப் பார்த்தாயாம்மா?” என்று மட்டும் கேட்டார்கள். கசக்கினேன். இரண்டிலும் ஒரே வாசனை! இரண்டும் ஒரே மரம்.

இம்மரத்தின் தாவரவியல் பெயர் யூகலிப்டஸ் குளோபுலஸ். இதற்கு இளமை இலை, முதுமை இலை என இருவகை இலைகள் உண்டு. நாற்றாக இருக்கும்போது நீலம் பூசிய அகன்ற இலைகள் தோன்றும். சில ஆண்டுகள் சென்று உயரமாக வளர்ந்தபின் அரிவாள் இலைகள் வரும். வளர்ந்த மரத்தை வெட்டினால் அடியிலிருந்து வரும் துளிர் மறுபடியும் குழந்தைப் பருவத்து இலைகளையே விடுகிறது. என்னை ஏமாற்றியது அந்தத் துளிர்தான்.

முதிர்ந்த இலை கீழ்நோக்கித் தொங்குவதற்கும் காரணம் உண்டு. உச்சிவெயில் இலையின் முகத்தில் படாமல் விளிம்பில் படுகிறது. அதனால் இலை அதிகம் சூடேறுவதில்லை. இலைக்கு மேல்புறம், கீழ்ப்புறம் என்ற வேறுபாடே இல்லாதது போல் இரு பக்கங்களிலும் இலைத்துளைகள் இருக்கின்றன. மாமரத்தடி நிழலும் இம்மரத்தடி நிழலும் ஏன் ஒன்றாக இல்லை என்பது இப்போது விளங்கும்.

‘நீலகிரி’ என்று பெயர் இருப்பதால் இது நம் மலையில் பிறந்த மரம் என்றே நான் நினைத்திருந்தேன். உண்மையில் இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலுள்ள டாஸ்மேனியாத் தீவும், கடலுக்கு எதிர்ப்புறமுள்ள விக்டோரியாவின் தென்பகுதியும் ஆகும். காணாமற்போன கப்பல்களைத் தேடிச் சென்ற பிரெஞ்சுக் குழுவில் இருந்த லபிலார்டியேர் என்னும் அறிஞர் 1792-இல் டாஸ்மேனியாக் கரையில் இதைச் சேகரித்துப் பின்னர் பெயரிட்டார். குளோபுலஸ் என்றால் சிறு உருண்டை. இதன் காய் சட்டைப் பித்தானைப் போல் இருப்பதைக் கண்டு இட்ட பெயர் அது. 1962-இல் இதன் பூ டாஸ்மேனியாவின் மாநில மலராக அறிவிக்கப்பட்டது. அங்கு 90 மீட்டர் உயரத்தை எட்டிய மரங்களும் உண்டு.

பூவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. யூகலிப்டஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ‘நன்றாக மூடப்பட்டது’ என்பது பொருள். வேறோர் இனத்தை வைத்து 1788-இல் லெரித்தியே என்பவர் இப்பேரினத்திற்கு அப்பெயரைச் சூட்டினார். மூடப்பட்டது எது? மொட்டு. இப்பூவில் இதழ்களே காணப்படா. புல்லிகளும் அல்லிகளும் ஒன்றாக இணைந்து, குங்குமச் சிமிழின் மூடி போலாகி மொட்டை மூடியிருக்கும். பூக்கும் நாளில் அம்மூடி கழன்று விழ, உள்ளே சுருண்டிருந்த எண்ணற்ற மகரந்தத்தாள்கள் வெண்மையாக விரிகின்றன. நாம் பூவென்று காண்பது அந்தத் தாள்களைத்தான். நம்பாதவர்கள் சமையலறையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துப் பாருங்கள். நான்கு சிறு முட்களுக்கு நடுவே இருக்கும் உருண்டை, விரியாத அல்லிகளாலான மூடியே! கிராம்பும் நாவலும் கொய்யாவும் யூகலிப்டஸும் மிர்ட்டேசி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுண்ணிய புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். நம் தைலத்தின் முதன்மைப் பொருளான சினியோல் அவற்றிலேதான் இருக்கிறது.

அந்த எண்ணெயால் காட்டில் தீயும் எளிதில் பற்றும். நீள நீளமாக உரிந்து தொங்கும் பட்டையும் தீக்குத் துணை. ஆனால் இலையெல்லாம் கருகினாலும் பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் விழித்துத் துளிர்க்கும். கட்டையான காயும் வால்வுகளாகத் திறந்து, தூள் போன்ற விதைகளைச் சிந்தும்.

விறகுப் பஞ்சம் தீர வேண்டும் என்றுதான் 1843-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் இம்மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தனர். விரைவில் வளர்ந்து விறகும் தைலமும் தந்தது. ஆனால் நம் மலையின் புல்வெளிகள் பலவற்றை மூடியும்விட்டது. அது மரத்தின் குற்றமன்று, நட்டவர் குற்றம் என்பது என் எண்ணம். வடநாட்டில் இம்மரத்தையே ‘நீல்கிரி’ என்று அழைக்கிறார்களாம்! புதுக்கோட்டைப் பக்கம் நாம் காணும் தைல மரக்காடுகளோ பெரும்பாலும் வேறு யூகலிப்டஸ் இனங்கள்.

இங்கே இம்மரம் அளவுக்கு மிஞ்சி நிற்க, பிறந்த மண்ணில் இதன் பூவை நம்பி ஓர் உயிர் தவிக்கிறது. அது பச்சை உடலும் சிவந்த முகமும் கொண்ட விரைவுக்கிளி. குளிர்காலத்தை ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் கழித்துவிட்டு, கடலைத் தாண்டி டாஸ்மேனியாவுக்கு வந்தே அது குஞ்சு பொரிக்கிறது. செப்டம்பர் முதல் அங்கு இம்மரம் பூக்கத் தொடங்கும். அந்தத் தேனே கிளிக்கு முக்கிய உணவு. எல்லா ஆண்டும் எல்லா மரமும் பூப்பதில்லை. எங்கே பூத்திருக்கிறதோ அங்கே தேடிச் சென்று, அருகிலுள்ள முதிய மரப்பொந்தில் முட்டையிடும். பொந்து உண்டாக ஒரு மரத்திற்கு நூறாண்டுக்கு மேலும் ஆகலாம். நிலத்திற்காகவும் மரத்திற்காகவும் காடுகள் வெட்டப்பட்டதால் பூவும் குறைந்தது, பொந்தும் குறைந்தது. போதாக்குறைக்கு, மனிதர் அத்தீவில் கொண்டுபோய் விட்ட சறுக்குப் பாலூட்டி ஒன்று இரவில் பொந்துக்குள் நுழைந்து, அடைகாக்கும் தாய்க்கிளியையே கொன்று தின்கிறது. 2015-இல் இக்கிளி மிக அருகிய இனமென்று அறிவிக்கப்பட்டது. இன்று ஆயிரத்துக்கும் குறைவான கிளிகளே எஞ்சியிருக்கக்கூடும் என்கின்றனர்.

என் நோட்டில் இப்போது இரண்டு கிளைகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ‘வாழிடம்’ என்ற இடத்தில் உதகமண்டலம் என்று எழுதியிருந்தேன். சிஸ்டர் சொன்னபடி அதன்கீழ் ‘பிறப்பிடம்: டாஸ்மேனியா’ என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறேன். பூ மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த முறை உதகைக்குப் போகும் தோழியர் யாரேனும், மரத்தடியில் மூடி கழன்ற பூவொன்று விழுந்து கிடந்தால் எடுத்து வந்து தருவீர்களாக!