மலையேறும் வண்டிக்கு எந்த எண்ணெய்?

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் வீதியில் ஆட்டோ ஓட்டுபவருக்கு ஒரு லீற்றர் பெற்றோல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது அத்துப்படி. ஆனால் பெற்றோல் செட்டில் 92ஆ, 95ஆ என்று கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். விலை கூடியதை அடித்தால் வண்டி நன்றாக இழுக்கும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அதை நம்பிக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

சிலிண்டருக்குள் அழுத்தப்படும் பெற்றோல், நேரம் தவறித் தன்பாட்டில் வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதே ஒக்டேன் எண். பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாதாரண ஆட்டோ, மோட்டார் சைக்கிள், சிறிய கார்களுக்கு 92 போதும். அழுத்தம் கூடிய என்ஜின், டர்போ பூட்டிய கார் என்றால், தயாரிப்பாளர் கைநூலில் 95 கேட்டிருந்தால் மட்டும் அதை அடிக்கலாம். மலையில் காற்று மெல்லியது என்பதால் என்ஜின் கேட்கும் ஒக்டேனும் சற்றுக் குறையும். அமெரிக்காவின் ரொக்கி மலைப் பகுதிகளில் சமவெளியைவிடக் குறைந்த ஒக்டேன் பெற்றோல் விற்கப்படுவது இதனால்தான். ஆளும் மூட்டையும் ஏற்றி, பெரிய கியரிலேயே ஏற்றத்தை இழுத்தால் என்ஜின் தட்டும். அதற்கு முதல் மருந்து கியரைக் குறைப்பது.

2022 ஜூன் 26 அன்று ஒரு லீற்றர் 92 ஒக்டேன் 470 ரூபாய்க்கும் 95 ஒக்டேன் 550 ரூபாய்க்கும் ஏறின. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். அடுத்து வந்த கியூ.ஆர். எரிபொருள் பங்கீட்டு முறையில் ஆட்டோவுக்கு முதலில் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர். அந்த விலையில் 95 அடித்திருந்தால் ஐந்து லீற்றருக்கு 400 ரூபாய் கூடுதல். கிடைத்த பலன் ஒன்றுமில்லை.

கொழுந்து லொறிக்கு டீசல்தான் சரி. ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலைவிடப் பத்து வீதத்துக்கு மேல் சக்தி அதிகம். குறைந்த வேகத்திலும் பாரத்தை இழுக்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்றி அடித்துவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. டாங்கியைக் காலி செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

புல்வெட்டும் மெஷினில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். பெற்றோலோடு 2டீ எண்ணெயை மெஷினில் எழுதியுள்ள அளவுக்குக் கலக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கலந்ததை மாதக்கணக்கில் வைக்கவும் கூடாது: இலேசான பகுதி ஆவியாகி, மிஞ்சுவது பிசினாகக் காபரேட்டரை அடைத்துவிடும்.

விளக்குக்கும் அடுப்புக்கும் மண்ணெண்ணெய் மட்டுமே. 2022 ஆகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் பாய்ந்தது உண்மை. என்றாலும் பெற்றோலை ஒரு துளியும் அதில் கலக்கக் கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். பெற்றோலின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றும். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு கவிழ்ந்து கருகியவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கவிழாத விளக்கையே வடிவமைத்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். மண்ணெண்ணெய்க்கே அவ்வளவு கவனம் தேவைப்பட்டது.

பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுத்த காம்பராவின் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் வாழும் லயத்துக்குள் பெற்றோல் போத்தல் இருக்கவே கூடாது. வைத்தே ஆக வேண்டுமென்றால், இறுக்கமாக மூடும் எரிபொருள் கேனில், வெயில் படாத வெளிக் கொட்டிலில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கலாம்.