திரைக்குப் பின்னால் 85 டெசிபல்

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் காட்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் ஒலி டெக்னீஷியன் கைக்கு அரங்கம் வரும். அவர் முதலில் ஓடவிடுவது படமும் இல்லை, பாட்டும் இல்லை, பிங்க் நாய்ஸ். அருவிக்குப் பக்கத்தில் நிற்பது போன்ற இரைச்சல். ஆனால் ஒரு தியேட்டரின் உண்மை நிலையை அது காட்டுகிற அளவுக்கு எந்தப் படமும் காட்டாது.

பிங்க் நாய்ஸில் ஒவ்வொரு ஆக்டேவிலும் ஒரே அளவு ஆற்றல் இருக்கும். 100 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை எவ்வளவோ, 5,000-லிருந்து 10,000 வரையும் அவ்வளவே. உள்ளே போனது சமம் என்று தெரிந்திருப்பதால், நாற்காலி அருகே மைக்கில் வந்து சேர்வதில் எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்பதை அனலைசர் நேராகக் காட்டிவிடும். பாட்டைப் போட்டுக் காதால் கேட்டே செட் செய்துவிடலாம் என்பவர்களும் உண்டு. பாட்டு ஏற்கெனவே ஒருவர் கூட்டிக் குறைத்துக் கலந்தது. அதில் பாஸ் இளைத்துக் கேட்டால், குறை பாட்டிலா ஸ்பீக்கரிலா என்று எப்படித் தெரியும்?

நல்ல டெக்னீஷியன், அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் கை வைப்பதற்கு முன் அரங்கத்தை நடந்தே சுற்றுவார். சரவுண்டில் நாய்ஸை விட்டுவிட்டு, சுவரோரமாக ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கீழே நின்று கேட்பார். எட்டில் ஒன்றின் ட்வீட்டர் செத்துப்போயிருந்தால், அந்த இடத்தில் 'ஷ்ஷ்' மங்கி வெறும் 'ஹும்' மட்டும் இறங்கும். இதைக் கவனிக்காமல், கிராஃபில் மேல் அதிர்வெண் குறைகிறதே என்று ஈக்யூவைத் தூக்கினால், ஒழுங்காக இருந்த ஏழு ஸ்பீக்கரும் கீச்சிடத் தொடங்கும். செத்தது செத்ததாகவே இருக்கும். ஈக்யூ பழுது பார்க்கும் கருவியல்ல என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிறவர் முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஸ்வீப்: 20 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக மேலேறும் ஒற்றைத் தொனி. அது ஏறும்போது ஏதோ ஒரு புள்ளியில் ஃபால்ஸ் சீலிங் அதிரும். இன்னொரு புள்ளியில் ஏசி கிரில்லோ வெளிவாசல் விளக்கோ கடகடக்கும். அதற்கு மருந்து ஸ்க்ரூ டிரைவர்தான். பிறகு போலாரிட்டி. இடதும் வலதும் எதிரெதிராக வயர் மாறியிருந்தால், இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடும்போது நடு இருக்கைகளில் பாஸ் காணாமல் போகும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அளவீடு. சீட்டில் உட்கார்ந்தவரின் காது உயரத்தில், சரியாக நடுக்கோட்டில் வைக்காமல் சற்றே சிதறலாக, அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தையொட்டி நான்கைந்து மைக்குகள் நிற்கும். ஒரே மைக்கை நம்பினால் அந்த ஒரு நாற்காலிக்குத்தான் டியூன் செய்ததாகும். எல்லா மைக்கின் அளவையும் சராசரி எடுத்தும் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் பள்ளம் விழுந்தால், அது பெரும்பாலும் சுவரில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் வந்தது. அந்தப் பள்ளத்தை ஈக்யூவால் நிரப்பப் பார்ப்பவர் ஆம்பிளிஃபயரின் சக்தியைத்தான் வீணடிப்பார்.

கிராஃபில் நேர்கோடு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. 1970-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் டால்பி நிறுவனத்தின் யோவன் ஆலனும் மற்றவர்களும் பக்கத்தில் வைத்த ஒரு நல்ல ஸ்பீக்கரையும் தூரத்தில் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரையும் ஒப்பிட்டுக் கேட்டார்கள். தூரத்து ஸ்பீக்கரை மைக்குக்கு நேர்கோடாக்கினால் காதுக்கு அது கூர்மையாகக் குத்தியது. மேல் பகுதியைச் சரித்துவிட்டதும் இரண்டும் ஒத்துப்போயின. அதிலிருந்து பிறந்ததுதான் எக்ஸ்-கர்வ்: 2,000 ஹெர்ட்ஸ் வரை சமம், அதற்கு மேல் ஆக்டேவுக்கு 3 டெசிபல் இறக்கம். 8,000 ஹெர்ட்ஸுக்கு வரும்போது 6 டெசிபல் இறங்கியிருக்கும். இந்தச் சரிவு எல்லா அரங்குக்கும் பொருந்துமா என்ற விவாதம் வல்லுநர்களிடையே இன்றும் உண்டு. ஆனாலும் மிக்ஸிங் அறையும் தியேட்டரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இரண்டு இடத்திலும் ஒரே நாய்ஸைக் கொண்டு அளக்கட்டும் என்றுதான் திரைத்துறைத் தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் எஸ்எம்பிடிஇ அமைப்பு 2015-இல் பிங்க் நாய்ஸுக்கே ஒரு தரநிலை வகுத்தது.

கடைசியாக ஒலியின் உரப்பு. டால்பி பிராசஸரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை 7-இல் வைத்து, திரைக்குப் பின்னால் உள்ள சேனல்களை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டால், சி-வெயிட்டிங்கில் மெதுவாக ஓடும் மீட்டர் 85 டெசிபல் காட்ட வேண்டும். 5.1 அரங்கில் சரவுண்ட் பக்கத்துக்கு 82. இரண்டு பக்கமும் சேர்ந்தால் 85 வரும். சப்-வூஃபரில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'சப் 10 டெசிபல் கூட' என்பதைக் கேட்டு மீட்டரில் 95 வரும்வரை ஏற்றிவிடுகிறார்கள். அந்த 10, அனலைசரில் அதே அதிர்வெண்களில் நடு சேனலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. சப் பாடுவது குறுகிய பட்டையில் என்பதால் மீட்டரின் மொத்தக் கணக்கில் ஏறத்தாழ 91 தான் காட்டும். 95-க்குப் போன அரங்கில் ஒவ்வொரு வெடிச் சத்தமும் அடுத்து வரும் வசனத்தை அமுக்கும்.

இத்தனை பாடுபட்ட பிறகும், சத்தம் அதிகம் என்று யாரோ ஒருவர் சொன்னார் என்பதற்காக ஆபரேட்டர் ஃபேடரை 5-க்கு இறக்கிவிடுவது நம் ஊர்த் தியேட்டர்களில் நடக்கிறது. ஒரு எண்ணுக்கு 3.3 டெசிபல், ஆக, கிட்டத்தட்ட 7 டெசிபல் போய்விடுகிறது. கிசுகிசுப்பாகப் பேசிய வசனம் ஏசி சத்தத்துக்குள் முழுகும், பழி மிக்ஸிங் இன்ஜினியர் தலையில் விழும். வசனம் புரியவில்லை என்று எந்த அரங்கிலிருந்து உன்னைக் கூப்பிட்டாலும், முதலில் ஃபேடர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார். பிறகு திரையையோ ஸ்பீக்கரின் ஒரு டிரைவரையோ சமீபத்தில் மாற்றினார்களா என்று கேள். மாற்றியிருந்தால் பழைய ஈக்யூ அளவுகள் இனி செல்லாது. மைக்கை எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்