புஞ்சைக்குக் காற்றாலை கேட்டு வந்தால்

லெபோ பாசார்,
லிட்டில் இந்தியா, பினாங்கு.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. சுரண்டைப் பக்கம் உள்ள நம் புஞ்சையைக் காற்றாலைக் கம்பெனிக்காக ஒரு தரகர் விலைக்குக் கேட்கிறார், மொத்தமாகப் பணம் கிடைக்கும், அம்மாவும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். இங்கே கடையில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னேன். காற்றுக்குக்கூடவா கிராக்கி என்று ஆச்சரியப்பட்டார்கள். மலேசியாவில் காற்றின் வேகம் குறைவு. அப்படியும் 2007-இல் பெர்ஹெந்தியான் தீவில் 100 கிலோவாட் இயந்திரங்கள் இரண்டை நட்டு, சூரியத் தகடு, டீசல் ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் நம் ஊருக்குள் புகுந்து வரும் காற்றை இங்கே பிறந்தவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்!

காற்றாலை வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் தொடங்கியது, முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று பெருகி, இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கரி எரிக்காமல் கிடைக்கும் மின்சாரம். ஆனால் அதன் வருமானம் யார் வீட்டுக்குப் போகிறது என்று பார். நம் பக்கம் சுற்றும் காற்றாலைகளில் பல வெளியூர் நூற்பாலைகளுக்குச் சொந்தம். இங்கே உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரியம் அங்கே மில்லின் பில்லில் கழித்துக்கொடுக்கும். ஊரில் நிலத்தை விற்றவருக்கு ஒரு தொகை, கூடிப்போனால் ஒரு வாட்ச்மேன் வேலை. அதோடு சரி.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை என்றொரு ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் மின்கட்டணம் தாங்காமல், ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது 2006-இல் ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய். கையிருப்பைப் போட்டு, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கினார்கள். தங்கள் ஊரில் போதிய காற்று இல்லை என்பதால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நட்டார்கள். ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சியதை வாரியத்துக்கு விற்று, கடனையும் அடைத்தார்கள். காற்றே இல்லாத ஊர் இதைச் சாதித்திருக்கிறது. வாசலில் காற்று வந்து நிற்கும் நம் ஊராட்சி ஏன் யோசிக்கக் கூடாது? கிராமசபையில் எழுந்து கேள். உன் வயதுப் பிள்ளைகள் கேட்டால்தான் பெரியவர்கள் காது கொடுப்பார்கள்.

டென்மார்க்கில் 2009-இல் ஒரு சட்டம் போட்டார்கள். காற்றாலை நடுபவர், பங்கில் குறைந்தது 20 சதவீதத்தைச் சுற்றுவட்டாரத்தில், அதாவது நாலரை கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முதலில் விற்க முன்வர வேண்டும் என்று 2020 வரை விதி இருந்தது. அப்படியொரு சட்டத்துக்கு நாம் காத்திருக்க முடியாது. இருக்கிற பத்திரத்தில் எழுதி வாங்குவதுதான் வழி.

இப்போது ஏன் வருகிறார்கள் தெரியுமா? 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றைக் கழற்றிவிட்டு 2, 3 மெகாவாட் இயந்திரம் நட தமிழ்நாடு அரசு 2024-இல் தனிக் கொள்கையே அறிவித்திருக்கிறது. நல்ல காற்றடிக்கும் இடம் குறைந்துகொண்டே வருகிறது. பேரம் பேசும் பலம் உன் பக்கம் இருக்கிறது.

முதலில், விற்காதே. குத்தகைக்குக் கேள், ஆண்டு வாடகை இத்தனை, இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இவ்வளவு உயர்வு என்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதித் தந்தால் வாங்காதே. காலம் முடிந்ததும் இயந்திரத்தையும் கான்கிரீட்டையும் யார் செலவில் அகற்றுவது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது பாதை. இதை அம்மா கவனித்திருக்க மாட்டாள். ஐம்பது அறுபது மீட்டர் நீள இறக்கை ஏற்றிய லாரியும் ராட்சதக் கிரேனும் வர அகலமாக, மண் அடித்து மேடாக்கிச் சாலை போடுவார்கள். நம்முடையது குளத்துப் பாசன ஊர். அந்த மேடு ஓடையை மறித்தால் மழைத்தண்ணீர் குளத்துக்குப் போகாமல் நம் கடலையிலும் பக்கத்து வயலிலும் தேங்கும். ஓடை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் குழாய்ப்பாலம் வேண்டும். வரைபடத்தில் குறித்த பிறகே பத்திரத்துக்குப் போ. தூணைச் சுற்றி உழவும் ஆடு மேய்க்கவும் உள்ள உரிமையையும் எழுதி வாங்கு.

வாட்ச்மேன் வேலையோடு நின்றுவிடாதே. காற்றுக்காலத்தில் ஒரு மணி நேரம் இயந்திரம் நின்றாலும் உரிமையாளருக்கு நட்டம். பாதுகாப்புப் பெல்ட் கட்டித் தூணுக்குள் ஏணியேறி, கியர்பாக்ஸ் எண்ணெய் பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்து ஊரிலேயே இருந்தால் அவர்களுக்கும் லாபம்தான். ஐ.டி.ஐ. முடித்த நம் ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சியும் வேலையும் தர வேண்டும் என்று கேள். பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது. கயத்தாற்றில் அவர்களுடைய சோதனை நிலையமும் உண்டு, உனக்கு எட்டும் தூரம்தான். போய் விசாரி.

பத்திர நகலை வாங்கி, எல்லாப் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு. தென்காசியில் நமக்காகப் பேசும் வக்கீல் ஒருவரிடம் காட்டு. அதுவரை அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதே.

அன்புடன்,
மாமா