பின்னால் வரும் பட்டறை

மேற்கு ஆஸ்திரேலியாவில் விலூனா என்னும் சிற்றூரிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண்தடம் செல்கிறது. அதற்குக் கானிங் கால்நடைத் தடம் என்று பெயர். ஒரு காலத்தில் மாடுகளை ஓட்டிச் செல்வதற்காக அமைக்கப்பட்ட அந்தத் தடத்தில் இன்று நான்கு சக்கர இயக்க வண்டிகளில் பயணிகள் செல்கின்றனர். பயணம் முடிய இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். ஏறத்தாழ பாதி வழியில், குனவாரிட்ஜி என்னும் பழங்குடியினர் குடியிருப்பில் எரிபொருள் வாங்கலாம். மற்றபடி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்மணலும் முட்புதர்களும்தான்.

இத்தகைய தடத்தில் சக்கரத்தின் தாங்கி ஒன்று தேய்ந்துபோனால் என்ன ஆகும்? நகரத்தில் அது ஒரு மணி நேர வேலை. பாலைவனத்திலோ பயணமே நின்றுவிடும். கையிலுள்ள குடிநீரை அளந்து அளந்து குடிக்க வேண்டிய நிலை வந்துவிடும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் தாங்கி, விசிறிப் பட்டை, நீர்க்குழாய், பட்டை வில், டயர் என உதிரிப் பாகங்களை உடன் எடுத்துச் செல்கின்றனர். அவற்றோடு குடிநீரும் எரிபொருளும் உணவும் சேர்ந்தால் வண்டிக்குள் இடம் போதாது. கூரைமேல் ஏற்றினால் வண்டி தலைகனத்துக் கவிழும் ஆபத்து உண்டு. ஆகவே, சிலர் ஓர் இழுவைப் பெட்டியைத் தாமே செய்து வண்டியின் பின்னால் பூட்டிக்கொள்கின்றனர்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. இழுவைப் பெட்டிக்கும் சக்கரங்கள் உண்டு, தாங்கிகள் உண்டு, வில்கள் உண்டு. பழுதை எதிர்கொள்ளச் செய்த பெட்டியே பழுதாகிப் பயணிகளை நடுவழியில் நிறுத்திவிடலாம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல தீர்வு இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே கண்டறியப்பட்டது. 1940ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் சிறிய உளவு வண்டி ஒன்றை 49 நாள்களில் செய்து தருமாறு கேட்டது. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரிலிருந்த பேன்டம் என்னும் சிறு நிறுவனம் அதைச் செய்து, செப்டம்பர் 23ஆம் நாள் ஒப்படைத்தது. அதுவே ஜீப்பின் முன்னோடி. ஆனால், பெரும் எண்ணிக்கையில் ஜீப் செய்யும் வாய்ப்பு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களுக்குச் சென்றது. பேன்டம் நிறுவனத்துக்குக் கிடைத்ததோ ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு பெட்டியைச் செய்யும் வேலை! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்றாலும் அந்த வேலையை அது செம்மையாகவே செய்தது. அந்தப் பெட்டியில் ஜீப்பின் சக்கரங்களே பொருத்தப்பட்டன. ஜீப்பின் டயர் கிழிந்தால் பெட்டியின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

இன்று இழுவைப் பெட்டி செய்பவர்களும் அந்த வழியையே பின்பற்றுகின்றனர். சக்கரம், டயர், சக்கரத்தைப் பிடித்திருக்கும் மரையாணிகள் ஆகிய அனைத்தும் முன் வண்டியில் உள்ளவற்றைப் போலவே இருக்குமாறு பார்த்துக்கொள்கின்றனர். இரு சக்கரங்களுக்கும் இடையிலான அகலமும் முன் வண்டியின் அகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். அப்போதுதான் முன் சக்கரங்கள் அழுத்திச் சென்ற மணலில் பின் சக்கரங்கள் எளிதாக உருளும். அகலம் மாறினால் பெட்டி தனக்கெனப் புதிய தடம் வெட்டிக்கொண்டு வரவேண்டும், இயந்திரம் திணறும், எரிபொருளும் வீணாகும்.

அடுத்தது எடைச் சமநிலை. உயிரோடு விளையாடும் பகுதி இதுதான். பெட்டியின் எடை அச்சுக்குப் பின்னால் மிகுந்திருந்தால் அதன் முனை வண்டியின் பின்பகுதியை மேலே தூக்கும். வேகம் கூடும்போது பெட்டி இடமும் வலமும் வாலாட்டத் தொடங்கும். ஓட்டுநர் பதறிப் பிரேக்கை அழுத்தினால் ஆட்டம் மேலும் மோசமாகி, வண்டியும் பெட்டியும் சேர்ந்தே கவிழ்ந்துவிடலாம். இதைத் தவிர்க்க, மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மீது இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

வகுப்பறையில் கற்கும் திருப்புத்திறன் பாடம் இங்கே கைகொடுக்கிறது. சரக்கோடு சேர்த்துப் பெட்டியின் எடை 500 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் தூரம். கொக்கியில் 50 கிலோகிராம் இறங்க வேண்டுமானால், 50ஐ 2.5ஆல் பெருக்க வேண்டும், விடை 125. அதை 500ஆல் வகுத்தால் 0.25 கிடைக்கும். அதாவது, ஈர்ப்பு மையம் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் அமைய வேண்டும். ஒரு சாண் அளவைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்! கனமான ஒரு பெட்டகத்தைப் பின்னால் நகர்த்தி வைத்தாலே இந்தக் கணக்கு தவறிவிடும்.

எரிபொருள் கலன்களை வைக்கும் இடத்திலும் இதே கவனம் தேவை. 20 லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 17 கிலோகிராம். பயணத்தில் அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். கலன்கள் முன்முனையில் இருந்தால், அவை காலியாகக் காலியாகக் கொக்கியின்மீது இறங்கும் எடையும் குறைந்துவிடும். அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சட்டகத்தைச் செவ்வக வடிவ எஃகுக் குழாய்களால் பற்றவைப்பார்கள். சட்டகம் பொதுவாக உடையும் இடம், பெட்டியையும் இழுவைத் தண்டையும் இணைக்கும் பகுதியாகும். சலவைப் பலகையைப் போல வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த தடத்தில் அந்த இணைப்பு ஓயாமல் வளைந்து நிமிர்கிறது. அங்கே குழாயின் குறுக்கே பற்றவைத்திருந்தால், அந்த வரியிலேயே விரிசல் தோன்றும். ஆகவே, திறமையான தொழிலாளர்கள் கூடியவரை குழாயின் நீளவாட்டிலேயே பற்றவைப்பார்கள். கொக்கியும் எல்லாத் திசையிலும் சுழலக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையேல் பெட்டி ஒரு பக்கம் சாயும்போது முன் வண்டியையும் முறுக்கும். கொக்கி கழன்றாலும் பெட்டி ஓடிப்போகாதிருக்கப் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம் வேண்டும். பெட்டியைப் பதிவு செய்யாமல் சாலையில் இழுத்துச் செல்லவும் முடியாது.

வழியில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஓட்டுநர்கள் ஒரு காரியம் செய்வதுண்டு. கீழே இறங்கி, பெட்டியின் இரு சக்கர நடுப்பகுதிகளின் அருகிலும் புறங்கையை மெதுவாகக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். ஒன்று மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் அந்தத் தாங்கியில் மசகு குறைந்திருக்கலாம். அல்லது அது அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கலாம். அப்போதே சரிசெய்தால் அரை மணி நேரத்தில் புறப்பட்டுவிடலாம்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்தாலும், கானிங் தடத்துக்கு இழுவைப் பெட்டி வேண்டாம் என்றே அந்தப் பாதையை அறிந்த பலரும் கூறுகின்றனர். அங்கே நூற்றுக்கணக்கான மணல்மேடுகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு மேட்டிலும் பெட்டி வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். அதனால், ஒரே வகையான இரண்டு வண்டிகளில் செல்பவர்கள் உதிரிப் பாகங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஒருவர் தாங்கியை எடுத்தால் மற்றவர் வில்லை எடுப்பார். புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டு, தேவையற்றதைப் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். அப்படி நீக்கிய பிறகும் வண்டிக்குள் அடங்காத பொருள்கள் மிஞ்சினால்தான், எஃகுக் குழாய் வாங்கக் கடைக்குப் போவார்கள்.