பங்கு வாங்கும் முன் பீப்பாயைப் பார்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சீனாவின் ஷியாமெனில் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, ஃபூஜியன் மலைப்பக்கம் நண்பர்கள் தொடங்கும் விஸ்கி டிஸ்டிலரியில் சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். சம்பளம் பாதி, மீதிக்குப் பங்கு என்கிறார்களாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அதை நீயே சொல்லிவிடு. என் வழியாக அக்காவுக்குப் போகக் கூடாது.

சேர்வதும் விடுவதும் உன் முடிவு. சர்க்கரை ஆலையைச் சேர்ந்த ஒரு டிஸ்டிலரியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முதலில் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்: அவர்கள் உன்னை எங்கே நிறுத்தப் போகிறார்கள்? வெளிநாட்டு முகம் ஒன்று பக்கத்தில் நின்றால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று அழைக்கிறவர்கள் உண்டு. அப்படியென்றால் வேண்டாம். கொதிகலன் பக்கமும் கிடங்கிலும் உன்னை விடுவார்கள் என்றால் மட்டும் மேலே படி.

நம் தமிழ்நாட்டு ஆலைகளில் நான் பார்த்தது மொலாசஸ் சாராயம். உயரமான கோபுரங்களில் ஏற்றி, 95 சதவீதம் வரை வடித்து, மூலப்பொருளின் வாசனை ஏதும் இல்லாமல் எடுப்பார்கள். மால்ட் விஸ்கியில் அந்த வாசனையைக் காப்பாற்றுவதுதான் வேலை. பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி, அரைத்து, 64 டிகிரி அளவிலுள்ள வெந்நீரில் கலக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகும். ஈஸ்ட் சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டால் எட்டு சதவீத அளவில் சாராயம் சேரும். அதைச் செம்புக் கொதிகலன்களில் இரண்டு தடவை வடிப்பார்கள். செம்பு வெறும் பாத்திரமல்ல. கந்தக நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். இரண்டாம் வடிப்பில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் எடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை மீட்டரும் சொல்லும். மூக்கும் சொல்ல வேண்டும். அந்த மூக்கை நீ சம்பாதிக்க ஒரு வருடமாவது ஆகும்.

இவ்வளவும் முடிந்து கிடைப்பது தண்ணீர் போல நிறமற்ற ஒரு சரக்கு. அதைச் சுமார் 63.5 சதவீதத்துக்குத் தணித்து ஓக் பீப்பாயில் அடைக்கிறார்கள். நிறம் முழுவதும், மணத்தில் பெரும்பங்கும் மரத்திலிருந்து வருவது. ஸ்காட்லாந்தில் குறைந்தது மூன்று ஆண்டு பீப்பாயில் இருந்தால்தான் சட்டப்படி விஸ்கி.

உன் நண்பர்கள் ஸ்காட்லாந்துக் கணக்கை வைத்துத் தொழில் திட்டம் போட்டிருந்தால் இங்கேதான் இடறுவார்கள். அங்கே பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு சதவீதம் அளவில் ஆவியாகப் போகும். 200 லிட்டர் பீப்பாய் பன்னிரண்டு ஆண்டில் சுமார் 157 லிட்டராக நிற்கும். பெங்களூரில் பத்து முதல் பன்னிரண்டு சதவீதம் போகிறது. பத்து என்றே வைத்துக் கணக்குப் போடு: ஐந்து ஆண்டில் 118 லிட்டர், எட்டு ஆண்டில் 86. சரக்கில் பாதிக்கு மேல் காற்றில் போய்விட்டது. பெங்களூராவது 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் திண்டுக்கல் 300 மீட்டர்கூட இல்லை. சித்திரை வெயிலில் இங்கே ஒரு தகரக் கொட்டகையில் பீப்பாயை அடுக்கினால் இழப்பு இன்னும் கூடும்.

வெப்பத்தால் நன்மையும் உண்டு. சூட்டில் சரக்கு மரத்துக்குள் வேகமாகப் புகுந்து வெளியே வருகிறது. நாலைந்து ஆண்டிலேயே முதிர்ச்சி காட்டும். ஆனால் மரத்தின் கசப்பும் அதே வேகத்தில் ஏறும். ஈரப்பதத்தையும் பார்க்க வேண்டும். காற்று வறண்டிருந்தால் தண்ணீர் முந்திப் போகும், சரக்கின் காட்டம் ஏறும். ஈரமாக இருந்தால் சாராயம் முந்திப் போகும், காட்டம் இறங்கும். உன் ஃபூஜியனில் கோடையும் ஈரமும் சேர்ந்தே வரும். ஆகவே ஸ்காட்லாந்துப் புத்தகமும் சரிவராது, பெங்களூர்க் கணக்கும் சரிவராது. கிடங்கில் தினமும் அளந்து எழுதுகிற ஆள் வேண்டும். அந்த ஆளாக நீ இரு.

இப்படி அளந்து பார்த்தவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள். தைவானில் கிங் கார் குழுமம் யிலானில் கட்டிய கவலான் டிஸ்டிலரி 2006-ல் முதல் சரக்கை வடித்தது. வெப்பம்தான் பலவீனம் என்று எல்லாரும் நினைத்தபோது, ஜிம் ஸ்வான் என்ற ஸ்காட்லாந்து வேதியியல் நிபுணர் பழைய ஒயின் பீப்பாய்களின் உள்புறத்தைச் சீவி, வாட்டி, மறுபடி கருக்கித் தந்தார். 2015-ல் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் என்ற விருது அவர்களின் ஒரு புட்டிக்கு வந்தது.

நீ இன்னும் ஊன்றிப் பார்க்க வேண்டியது பெங்களூர் அம்ருத்தை. 1948-ல் ராதாகிருஷ்ண ஜக்தலே தொடங்கிய கம்பெனி. ரம், பிராந்தி என்று வெகுகாலம் ஓட்டியது. வடித்த மால்ட் விஸ்கியும் மற்ற சரக்கோடு கலப்பதற்கே போனது. அவர் பேரன் ரக்ஷித் ஜக்தலே இங்கிலாந்தின் நியூகாசிலில் படிக்கும்போது, இந்திய சிங்கிள் மால்ட்டை பிரிட்டனில் விற்க முடியுமா என்பதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார். 2004 ஆகஸ்ட் 24 அன்று கிளாஸ்கோவில், விஸ்கியின் தாய்வீட்டிலேயே, வெளியிட்டார்கள். விற்பனை லேசில் நகரவில்லை. இந்திய உணவகங்கள் வாங்கும் என்று நம்பிப் போனார்கள். கடைசியில் கைகொடுத்தது விஸ்கியைத் தேடிக் குடிக்கும் ரசிகர் கூட்டம்.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் இருந்துகொண்டு அம்ருத்தை விற்கும் வேலையில் சேர்ந்தவர் அசோக் சொக்கலிங்கம். ஊர் ஊராகப் புட்டியைத் தூக்கிக்கொண்டு போய், இந்தியாவில் விஸ்கியா என்று கேட்டவர்களுக்கு ஊற்றிக் காட்டுகிற வேலை. பிற்பாடு அவரே டிஸ்டிலரியின் வடிப்புக்குத் தலைமைப் பொறுப்பேற்றார். விற்பவராக நுழைந்து வடிப்பவரானார். உன் நிலையில் இருக்கும் ஒருவன் மனதில் வைக்க வேண்டிய பாதை இது. விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் 2010-க்கான ‘விஸ்கி பைபிள்’ கையேட்டில், அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 மதிப்பெண் கொடுத்து உலகின் மூன்றாம் சிறந்த விஸ்கி என்று எழுதினார். இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தின் பீட் என்னும் சதுப்புக்கரியின் புகை ஏற்றிய பார்லியையும் சேர்த்துச் செய்த சரக்கு அது. 2004-ல் கடைகடையாக ஏறி இறங்கியவர்களுக்கு அந்த மதிப்பெண் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பார்.

அந்நிய மதுவைப் புது மண்ணில் செய்து ஜெயித்ததற்குச் சீனாவிலேயே முன்னோடி இருக்கிறது. பினாங்கில் நீலநிற மாளிகை கட்டிய சியோங் ஃபாட் ட்ஸேவைக் கேள்விப்பட்டிருப்பாய். சீனாவில் அவர் பெயர் ஜாங் பிஷி. தென்கிழக்கு ஆசியாவில் பொருள் சேர்த்தவர், 1892-ல் ஷான்டோங் மாகாணத்து யான்டாயில் சாங்யூ ஒயின் ஆலையைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த திராட்சைக் கொடிகளில் ஏராளமானவை பட்டுப்போயின. சீனக் காட்டுக்கொடியில் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைத்தார்கள். ஒயின் பொறுப்பை ஏற்றவர் மாக்ஸ் ஃபான் பாபோ என்ற ஆஸ்திரியர். அதே ஊரில் துணைத் தூதராக இருந்தவர். பல ஆண்டுகள் அங்கேயே தங்கி ஒயின் செய்தார். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் பதக்கங்கள் கிடைத்தன. தொடக்கத்திலிருந்து இருபத்து மூன்று ஆண்டு. உன் நண்பர்களின் திட்டத்தில் எத்தனை ஆண்டு போட்டிருக்கிறார்கள்?

இன்று சீனாவின் விஸ்கிக் களத்தில் பன்னாட்டு மது நிறுவனங்கள் என்ற பெரிய யானைகள் இறங்கிவிட்டன. பெர்னோ ரிக்கார் சிச்சுவானின் ஏமெய் மலையடியில் 2021-ல் சுவான் டிஸ்டிலரியைத் திறந்தது. டியாஜியோ யுன்னான் மாகாணத்துக்கு வந்தது. சிறிய டிஸ்டிலரி இவர்களோடு விலையில் போட்டி போட முடியாது. தனக்கென்று ஒரு ருசி இருந்தால்தான் நிற்கும்.

அந்த ருசிக்கு எங்கே போவது? பக்கத்து ஊர்ச் சாராயக்காரரிடம் போ என்பேன். சீனர்களின் சாராயமான பைஜியு, பெரும்பாலும் சோளத்தில் செய்வது. நம் வேடசந்தூர், குஜிலியம்பாறை மானாவாரிக் காட்டில் விளைகிற அதே சோள இனம்தான். மாவுச்சத்தை உடைக்கிற பூஞ்சையும் ஈஸ்ட்டும் சேர்ந்த 'சூ' என்னும் கட்டியைக் கலந்து, ஈரத் தானியத்தைக் குழியில் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். மௌத்தாய் என்ற பைஜியுவுக்கு ஒரு வருடத்தில் ஒன்பது முறை வேகவைத்து, எட்டு முறை புளிக்கவைத்து, ஏழு முறை வடிக்கிறார்கள். அந்தத் தொழிலாளிக்குப் புளிப்பைப் பற்றித் தெரிந்தது உனக்கும் எனக்கும் தெரியாது. ஸ்காட்லாந்திலிருந்து ஆலோசகர் வருவார், போவார். இவர்கள் அங்கேயே இருப்பார்கள். மாண்டரின் உனக்கு வரும் என்பதே இந்த வேலைக்கு உன்னிடமுள்ள பெரிய தகுதி.

நம் ஊரிலும் அப்படித்தான் நடந்தது. ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியபோது முதலாளியும் பெயரும் சீமையிலிருந்து வந்தவை; இலையைப் பாடம் செய்து, அம்பாரமாகக் குவித்து, உள்ளே சூடேறும்போது பிரித்து மாற்றி அடுக்கும் பக்குவம் இந்தப் பக்கத்துக் கைகளில் இருந்தது. 1948-ல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்ததும் இங்கே இந்த இலையும் அனுபவமும் இருந்ததால்தான்.

அடுத்து ஆபத்து. இதை இரண்டு முறை படி. புளிக்கும் தொட்டியிலிருந்து கரியமில வாயு கிளம்பிக் கீழே தங்கும். பழைய கிணற்றில் தூர் வார இறங்கி மயங்கி இறந்தவர்களைப் பற்றி நம் பக்கத்தில் எத்தனை செய்தி படித்திருக்கிறோம். தொட்டி கழுவ இறங்குகிறவனுக்கும் அதே கதிதான். வாயு அளவு பார்க்காமல், மேலே ஆள் நிற்காமல் எவரையும் இறக்காதே. பீப்பாயில் அடைக்கிற, 60 சதவீதத்துக்கு மேற்பட்ட சரக்கின் ஆவி 23 டிகிரி அளவிலேயே பொறி பட்டால் தீப்பிடிக்கும். ஃபூஜியன் கோடையில் உன் கிடங்கு பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். மின் இணைப்பு, விளக்கு, காற்றோட்டம் எல்லாம் அதற்கேற்றவையா என்று வடிவமைப்புப் பொறியாளனான நீயே பார்த்துக் கையெழுத்துப் போடு.

குடிப்பவனைப் பற்றியும் யோசி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தானியத்தைப் புளிக்கவைத்தால் மெத்தனால் மிகச் சொற்பமே உண்டாகும். அங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றியிருந்தார்கள். ஒழுங்கான டிஸ்டிலரியில் அது நேராது. ஆனாலும் ஒவ்வொரு வடிப்பின் சோதனை அறிக்கையும் கோப்பில் இருக்க வேண்டும். நீ செய்வது ஒருவர் உடம்புக்குள் போகிற பொருள்.

தண்ணீருக்கு வருகிறேன். ஊற்றுநீர் இனிப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உள்ளே போகும் நீரை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள்; வெளியே வருவதைக் கேள். மொலாசஸ் ஆலையில் ஒரு லிட்டர் சாராயத்துக்குப் பத்து லிட்டர் அளவில் கழிவு வரும். மால்ட்டிலும் கொதிகலனின் அடியில் தங்குவது அதிகம். பார்லிச் சக்கை மாட்டுத் தீவனமாகப் போய்விடும். திரவக் கழிவைச் சுத்திகரித்தே ஆக வேண்டும். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் ஷாப்புகளின் கழிவால் எத்தனை கிணறுகள் உப்பேறின என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. 1996-ல் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் நம் மாவட்டத்தின் பெயரும் இருந்தது. அந்த மலையடி ஊர்க்காரர்களுக்கு அதே கதியைச் செய்யும் திட்டத்தில் என் மருமகன் பங்குதாரனாக இருப்பதை நான் விரும்பவில்லை.

பணம் பற்றிக் கொஞ்சம்தான். முதல் பீப்பாய் திறக்கும்வரை எதை விற்றுச் சம்பளம் தருவார்கள்? பல புது டிஸ்டிலரிகள் ஜின் வடித்து அந்த ஆண்டுகளை ஓட்டுகின்றன. அது யோக்கியமான வழி. இன்னும் வடிக்காத பீப்பாயை முன்கூட்டியே விற்கிறோம் என்றால் யோசி. உன் பங்கு கம்பெனிப் பதிவேட்டில் உன் பெயரில் ஏறுமா என்று பார், வாய்ப்பேச்சு போதாது. சீனாவில் வேலை அனுமதி, உன்னை வேலைக்கு வைத்த நிறுவனத்தோடு கட்டுண்டது. பழைய அனுமதியை வைத்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் போய் உதவுகிறேன் என்று தொடங்கினாலும் 2013-ல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டப்படி சட்டவிரோத வேலையாகிவிடும். மாற்றி எழுதிய பிறகே உள்ளே கால் வை.

இப்போதைக்கு மூன்று தாள் அனுப்பு: ஊற்றுநீரின் சோதனை அறிக்கை, கழிவுநீர்த் திட்டம், பங்கு ஒப்பந்தத்தின் நகல். ஒரு வெப்பமானியும் ஈரமானியும் வாங்கிக் கொடுத்து, கிடங்கு கட்டப்போகும் இடத்தில் காலை மாலை அளவைக் குறிக்கச் சொல். ஒரு மாதக் குறிப்பு கையில் வந்ததும், பத்து ஆண்டில் எத்தனை லிட்டர் மிஞ்சும் என்று நாம் இருவரும் போனில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
உன் மாமா,
திண்டுக்கல்.