வண்டியை விற்றால் போதுமா?

கேரளத்தில் இடுக்கி மாவட்டம். அங்கே சூரியநெல்லி என்று ஒரு மலையூர். தேயிலையும் ஏலக்காயும் விளையும் ஊர். தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. இங்கிருந்து கொழுக்குமலைக்கு ஒரு பாதை போகிறது. கல்லும் குழியுமான பாதை. அதில் சாதாரணக் கார் ஏறாது. ஜீப்தான் ஏறும்.

இந்த ஊரில் ஒருவர் சொந்தமாக ஜீப் வைத்திருந்தார். எல்லோரும் அவரை 'ஜீப் அண்ணன்' என்றே கூப்பிடுவார்கள். அவர் மனைவியை 'அக்கா' என்பார்கள். அக்கா சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. பெரியவரான பிறகு, எழுத்தறிவு மையத்தில் தமிழ் படித்தார். எண்களும் கற்றார்.

வீடு போல ஒரு ஜீப்

2009-ல் அண்ணன் அந்த ஜீப்பைப் புதிதாக வாங்கினார். அது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. நல்ல ரோட்டில் இன்ஜினின் பலம் பின் சக்கரம் இரண்டுக்கும் போகும். சேற்றிலும் மேட்டிலும், கியர் ராடுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ராடைப் போடுவார். அப்போது முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். வண்டி சிக்கிக்கொள்ளாமல் மெல்ல ஏறிவிடும்.

அண்ணன் பின் சீட்டுகளைக் கழற்றிப் பரணில் போட்டார். அந்த இடத்தில் பலகைக் கட்டில் அடித்தார். கட்டிலுக்கு அடியில் அடுப்பும் பாத்திரமும் வைக்கப் பெட்டி செய்தார். தண்ணீர்க் கேன் மாட்டக் கொக்கி வைத்தார். பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டினால் திண்ணை போல நிழல் கிடைக்கும்.

பழனிக்குப் போனார்கள். வேளாங்கண்ணிக்குப் போனார்கள். இராமேசுவரம் போனார்கள். எங்கும் அறை எடுக்கவில்லை. வண்டியிலேயே சமைத்தார்கள், தூங்கினார்கள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் கட்டிலில்தான் தூங்குவாள்.

இப்போது மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பணம் கட்ட வேண்டும். அண்ணனுக்கோ முழங்கால் வலி. கிளட்சை மிதிக்க முடியவில்லை. ஜீப்பை விற்பது என்று முடிவு செய்தார்கள்.

விலை பேசினார்கள்

தேனி மாவட்டம் போடியிலிருந்து ஒரு தம்பி வந்தார். அவர் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன விலை அண்ணே?"

"மூணு லட்சம் தம்பி. கட்டில், பெட்டி, தார்ப்பாய்க்கே நாற்பதாயிரம் செலவு செஞ்சிருக்கேன்."

"கட்டில் எனக்கு வேண்டாம் அண்ணே. நான் சாக்கு ஏத்தணும், ஆள் ஏத்தணும். வண்டிக்குத்தான் விலை."

அண்ணனுக்கு மனசு சுருங்கிவிட்டது. ஆனால் தம்பி சொன்னது நியாயம். நமக்குப் பிடித்தது எல்லாம் வாங்குகிறவருக்குப் பிடிக்காது. அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தார். ஜீப் வைத்திருக்கும் இரண்டு பேரிடமும் கேட்டார். மூவரும் ஏறக்குறைய ஒரே விலை சொன்னார்கள். அது அவர் கேட்டதைவிடக் குறைவு.

ஓட்டிப் பார்க்கும் முன் அண்ணன் தாமாகவே குறைகளைச் சொன்னார்.

"அடியில தகடு ஒரு இடத்துல துரு பிடிச்சிருக்கு. முன் ஆக்சில்ல ஆயில் கசியுது. பார்த்துக்குங்க."

தம்பி மேட்டில் ஏற்றிப் பார்த்தார். நான்கு சக்கரமும் இழுத்தது. இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்குப் பேசி முடித்தார்கள். குறையை மறைத்திருந்தால் பிறகு சண்டை வந்திருக்கும். இப்போது அந்தப் பயம் இல்லை.

வெற்று இடம்

தம்பி இரண்டு தாள்களை நீட்டினார்.

"இதுல கையெழுத்துப் போடுங்க அண்ணே. பணத்தை இப்பவே தர்றேன். வண்டியை எடுத்துக்கிறேன். பேரு மாத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம்."

அண்ணன் பேனாவை எடுத்தார். அக்கா தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏங்க, நில்லுங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா வெற்று இடம் தெரியுது. வாங்குறவர் பேரு எங்கே? தேதி எங்கே? ஒண்ணுமே எழுதாத தாள்ல ஏன் கையெழுத்து?"

"எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க."

"எங்க அண்ணனும் இப்படித்தான் செஞ்சாரு. வேனை வித்தாரு. பத்திரத்துல எழுதி வாங்கினாரு. பேரு மாத்தலை. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த வேன் ஒருத்தரை இடிச்சிடுச்சு. கோர்ட் நோட்டீஸ் யாருக்கு வந்துச்சு? எங்க அண்ணனுக்கு!"

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார்.

அக்கா பயந்தது சரிதான். 2009-ல் நடந்த ஒரு விபத்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கார் பல கை மாறியிருந்தது. ஆனால் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருந்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நட்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

சீட்டு எத்தனை?

மகள் ஆர்.சி. அட்டையில் உள்ளதை வாசித்தாள். அதில் சீட்டு 7 என்று இருந்தது. வண்டியில் முன் சீட்டு மட்டுமே இருந்தது.

"டெஸ்டுக்குப் போனப்போ சீட்டை மாட்டினீங்க. வந்ததும் கழட்டிட்டீங்க" என்றார் அக்கா.

அண்ணன் தலையைச் சொறிந்தார். அது தப்புதான். ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் இஷ்டத்துக்கு வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் இடம் தரவில்லை.

பரணிலிருந்து சீட்டுகள் இறங்கின. கட்டில் வெளியே வந்தது. அண்ணன் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். அவர் அன்று அதிகம் பேசவில்லை.

பிறகு இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் அக்கா வண்டியில் பார்த்து வாசித்தார். மகள் ஆர்.சி.யோடு ஒப்பிட்டாள். இரண்டும் சரியாக இருந்தன. 15 ஆண்டு முடிந்து, 2024-ல் பதிவைப் புதுப்பித்திருந்தார்கள். அந்தத் தேதியும் சரி.

முறைப்படி விற்பது எப்படி?

வண்டி கேரளத்தில் பதிவானது. போகப்போவது தமிழ்நாட்டுக்கு. ஆகவே முதலில் தடையில்லாச் சான்று வேண்டும். இதற்குப் படிவம் 28. அண்ணன் வரிப் பாக்கி இல்லை என்று பார்த்தார். ஓர் அபராதம் இருந்தது. அதைக் கட்டினார். இன்சூரன்சும் புகைச் சான்றும் நடப்பில் இருந்தன. தம்பி முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

சான்று வந்த பிறகு தம்பி மறுபடியும் வந்தார். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதினார்கள். மகள் வாசித்துக் காட்டினாள். அதன் பிறகே அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

மீதிப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு 2017 ஏப்ரல் முதல் சட்டத்தில் தடை உண்டு. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாகப் போகலாம்.

வண்டியைக் கொடுத்த நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதினார்கள். இருவரும் கையெழுத்திட்டார்கள். இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். எல்லாத் தாளுக்கும் நகல் எடுத்து அக்கா பெட்டியில் வைத்தார்.

தம்பி சாவியை வாங்கினார். மகள் ஜீப்பின் பின்பக்கம் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வண்டி இறக்கத்தில் இறங்கி மறைந்தது.

சில வாரம் கழித்துத் தம்பி போனில் பேசினார். "அண்ணே, பேரு மாறிடுச்சு." மகள் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்தாள். அப்பா பெயர் இல்லை.

"இப்பதாங்க வண்டி வித்துச்சு" என்றார் அக்கா.

பலகைக் கட்டில் இன்று வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. முழங்காலை நீட்டிக்கொண்டு அண்ணன் அதில்தான் உட்காருகிறார்.

நினைவில் வையுங்கள்

1. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள், தடையில்லாச் சான்றோடு தெரிவிக்க வேண்டும்.

3. வாங்கியவர் 30 நாளுக்குள் தம் பகுதி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

4. கடன் வாங்கி வாங்கிய வண்டியா? கடன் தீர்ந்ததும் படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து கடன் குறிப்பை நீக்குங்கள்.

5. வண்டியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால் அந்தக் கணக்கை மூடுங்கள்.

6. பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். அதுவரை நகல்களைப் பத்திரமாக வையுங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. அக்கா ஏன் கையெழுத்துப் போட விடவில்லை?

2. அண்ணன் வண்டியின் குறைகளைத் தாமே சொன்னது சரியா? உங்கள் கருத்து என்ன?

3. உங்கள் ஊரில் பெயர் மாற்றாமல் வண்டி விற்றவர் யாராவது உண்டா? அவரிடம் என்ன சொல்வீர்கள்?

4. உங்கள் வீட்டில் சைக்கிள் மோட்டார், ஆட்டோ, டிராக்டர் எது இருந்தாலும் அதன் ஆர்.சி.யை எடுங்கள். பதிவு எண், இன்ஜின் எண், சேசிஸ் எண் மூன்றையும் பார்த்து எழுதுங்கள்.