கடற்கோட்டையில் இரவு தங்குவோருக்கு

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, கடல் நடுவே போர்த்துக்கேயர் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய ஹம்மன்ஹீல் கோட்டை, பிற்காலத்தில் சிறைச்சாலையாகவும் பயன்பட்டு, இன்று இலங்கைக் கடற்படை நடத்தும் தங்குவிடுதியாக விளங்குகிறது. கோட்டைக்குள் அறைகள் மிகச் சிலவே ஆதலால், முற்பதிவின்போதே அறை கோட்டைக்குள் அமையுமா, கரையில் அமையுமா என்பதையும், இரவில் படகு கிடைக்குமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். படகேறிச் செல்ல வேண்டியிருப்பதால் பெரிய பெட்டிகளைத் தவிர்த்து, அடையாள அட்டை, மருந்து, கைவிளக்கு ஆகியவற்றை நீர் புகாத சிறு பையில் எடுத்துச் செல்வது நன்று.

இக்கோட்டையின் சுவர்கள் முருகைக்கல்லால், அதாவது கடலில் பவள உயிரிகளின் கூடுகள் இறுகி உருவான சுண்ணாம்புக் கல்லால், கட்டப்பட்டவை. அக்கல் நுண்துளைகள் வழியே உப்பீரத்தை உள்வாங்கி மழைக்காலத்தில் கசியவிடும் என்பதால், உடைகளையும் கமராவையும் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. சுவரில் ஆணி அடிப்பதும், ஈரத் துணியைச் சாத்தி உலர்த்துவதும் நூற்றாண்டுகள் பழமையான சுண்ணச் சாந்தைப் பெயர்க்கும் செயல்களாகும். விருந்தினர் எவரும் அவற்றைச் செய்யாதிருப்பதே முறை.

ஒல்லாந்தரின் முற்றுகையில் குடிநீர் தீர்ந்தே போர்த்துக்கேயர் சரணடைந்தனர். நன்னீர் இன்றும் அங்கு அருமையானதாகையால் குளியலில் சிக்கனம் தேவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும், வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்றும் வலுப்பதால், மாசி, பங்குனி மாதங்களே பயணத்துக்கு உகந்தவை.